சொத்துச் சேதக் காப்பீட்டு இழப்பீட்டில் தொழில்முறை உதவி

தீ, வெள்ளம், புயல் முதலியவற்றால் வீடோ கடையோ ஆலையோ சேதமடைந்தபின் க்ளெய்ம் போடும் பாலிசிதாரர், இழப்பை அளக்கவும் கணக்குக் காட்டவும் மறுக்கப்பட்டால் முறையிடவும் பிறரிடம் பெறும் உதவி. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்றே ‘பப்ளிக் அட்ஜஸ்டர்’ என்ற உரிமம் பெற்ற தொழில் உண்டு. அவர் பாலிசிதாரருக்கு மட்டுமே வேலை செய்வார். கிடைக்கும் இழப்பீட்டில் ஒரு பங்கு அவருடைய கட்டணம். டெக்சாஸில் அந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியாவில் இப்படியொரு தனித் தொழில் இல்லை. ஆடிட்டர், கட்டுமானப் பொறியாளர், காப்பீட்டுத் தரகர், வழக்கறிஞர், ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி என்று பலரிடமும் அந்த உதவி சிதறிக் கிடக்கிறது. இக்கட்டுரை இந்திய நடைமுறையைப் பற்றியது.

சர்வேயர்

க்ளெய்ம் போட்டதும் சேதத்தைப் பார்க்க வருபவர் சர்வேயர். வழக்கமாக அவரை நியமிப்பது காப்பீட்டு நிறுவனம்தான். கட்டணம் தருவதும் அதுவே. குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கை இல்லாமல் தீர்க்கக் கூடாது என்கிறது 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம், 64யூஎம் பிரிவு. நெடுங்காலம் 20,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு பின்னர் உயர்த்தப்பட்டது. பொறியாளர்களும் பட்டயக் கணக்காளர்களும் பயிற்சியும் தேர்வும் முடித்து இத்தொழிலுக்கு வருகிறார்கள். தீ, பொறியியல், கடல்சார் சரக்கு, வாகனம், லாப இழப்பு எனத் துறைவாரியாக உரிமம் தரப்படுகிறது. ஆகவே, எந்திரச் சேதத்தைப் பார்க்க வந்தவரிடம் அதற்கான உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

சட்டத்தின் பார்வையில் சர்வேயர் இரு தரப்புக்கும் பொதுவானவர். ஆனால் அடுத்த வேலை எங்கிருந்து வரும் என்பது எல்லாச் சர்வேயருக்கும் தெரியும். இதனால் எல்லாரும் வளைந்துகொடுக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது; சந்தேகத்துக்கு இடமுள்ள இடங்களில் பாலிசிதாரர் தன் தரப்பைத் தானே நிறுவ வேண்டும், அவ்வளவுதான். அதை அறிக்கை எழுதப்படுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமனம், 15 நாளில் அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் நிறுவனத்தின் முடிவு. பணம் சீக்கிரம் கிடைக்க இந்த வேகம் நல்லதே. ஆனால் ஆவணம் தேடவும் ஆள் பார்க்கவும் பாலிசிதாரருக்குக் கிடைக்கும் நாட்களும் அதே அளவு சுருங்கிவிட்டன.

கணக்கில் தோற்கும் க்ளெய்ம்கள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி அடையாறு கரைபுரண்டபோது, கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பகுதிகளின் சிறு தொழிற்கூடங்கள் மூழ்கின. அன்றைய தீக் காப்பீட்டுப் பாலிசியில் புயல், வெள்ளப் பகுதியை நீக்கிவிட்டால் பிரீமியம் கொஞ்சம் குறையும். அப்படி நீக்கிவிட்டவருக்கு எந்த நிபுணரும் எதையும் வாங்கித் தர முடியாது. பாலிசியை வரி வரியாகப் படித்துக் காட்டும் ஒருவரே முதல் உதவி என்பது இதனால்தான்.

அதன்பின் அளவை. சுவரில் சேற்றுக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று சர்வேயர் பார்ப்பார். அந்தக் கோட்டுக்கு மேலே ராக்கில் இருந்த சரக்கையும் பட்டியலில் சேர்த்திருந்தால் கேள்வி வரும். நனைந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்து ஓட்டலாம். சிஎன்சி எந்திரத்தின் டிரைவ் கார்டில் சேறு புகுந்தால் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். ‘இதைப் பழுதுபார்க்க இயலாது’ என்று எந்திரத் தயாரிப்பாளரின் சர்வீஸ் பொறியாளர் காரணத்தோடு லெட்டர்ஹெட்டில் எழுதித் தரும் ஒரு பக்கத்துக்கு, உரிமையாளரின் பத்துப் பக்கக் கடிதத்துக்கு இல்லாத எடை உண்டு. கட்டடச் சேதத்துக்கும் இதே கதைதான். மொத்தமாக ஐந்து லட்சம் என்று மேஸ்திரி எழுதித் தரும் எஸ்டிமேட் நிற்பதில்லை. பூச்சு, தரை, வயரிங் என்று வேலைவாரியாக அளந்து, பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பொறியாளர் கையெழுத்திட்ட மதிப்பீடு நிற்கும்.

சரக்கு எரிந்தோ அடித்துச் செல்லப்பட்டோ போய்விட்டால் எண்ணிப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அப்போது சர்வேயர் கணக்குப் புத்தகத்தைக் கையிலெடுக்கிறார். தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்கவிலையைக் கழித்தால், சேத நாளன்று இருந்திருக்க வேண்டிய இருப்பு கிடைக்கும். அதை ஜிஎஸ்டி ரிட்டர்னோடும், கேஷ் கிரெடிட் கணக்குக்காக வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டோடும் வைத்துப் பார்ப்பார். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடன் வரம்புக்காக வங்கியிடம் இருப்பைக் கூட்டிச் சொன்னவர், வரிக்காகக் கணக்கில் குறைத்துச் சொன்னவர், இப்போது க்ளெய்ம் படிவத்தில் மூன்றாவதாக ஒரு தொகையை எழுதுகிறார். மூன்றில் எது உண்மை என்பதை ஆடிட்டர் முன்கூட்டியே சரிபார்த்து, வித்தியாசத்துக்கு நேர்மையான விளக்கம் இருந்தால் அதை எழுத்தில் வைப்பதுதான் இந்தத் துறையில் வாங்கக்கூடிய மிகப் பயனுள்ள உதவி என்று சொல்லலாம்.

இருப்பு அதிகம் என்று நிரூபிப்பதே எதிராகத் திரும்புவதும் உண்டு. ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை 60 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 20 லட்ச இழப்புக்கு அதே விகிதத்தில் 12 லட்சம்தான் கிடைக்கும். 5 கோடி ரூபாய் வரையிலான குறுந்தொழில் சொத்துகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் உள்ள பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில், குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் அதைக் கண்டுகொள்வதில்லை. அதே நாளில் வந்த வீட்டுப் பாலிசியான பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விகிதக் கழிவே கிடையாது.

சேதமான பொருளின் மிச்ச மதிப்பையும் தொகையிலிருந்து கழிப்பார்கள். அதைச் சர்வேயர் கூட்டிப் போட்டிருப்பதாகத் தோன்றினால், பழைய இரும்பு வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்கிக் கொடுப்பது வழக்கம்.

தரகர், ஆலோசகர், கட்டணம்

முகவர் நிறுவனத்தின் ஆள்; தரகர் வாடிக்கையாளரின் ஆள். பாலிசியைத் தரகர் வழியாக எடுத்தவருக்கு க்ளெய்மில் துணைநிற்பதும் அவர் கடமையில் சேரும். அதற்குத் தனியாகக் காசு தர வேண்டியதில்லை. பெரிய ஆலைகள் தரகரை வைத்துக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிறு வணிகர்கள் பெரும்பாலும் முகவர் மூலமாகவோ, கடன் கொடுத்த வங்கி மூலமாகவோ பாலிசி எடுப்பதால் இந்தத் துணை அவர்களுக்கு வாய்ப்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் ‘க்ளெய்ம் கன்சல்டன்ட்’ என்ற பெயரில் தனியாட்கள் வருகிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் அவர்களில் உண்டு. சர்வேயரை ‘கவனித்துக்கொள்கிறேன்’ என்று முன்பணம் கேட்பவரும் உண்டு. அவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

இந்தக் கட்டணங்களைப் பாலிசி ஏற்குமா? பழைய தீப் பாலிசி கட்டடக் கலைஞர், பொறியாளர் கட்டணமாக இழப்பீட்டில் 3 சதவீதம் வரை தந்தது. பாரத் கிருஹ ரக்ஷா 5 சதவீதம் வரை தருகிறது. மறுகட்டுமானத்துக்கான வரைபடமும் மேற்பார்வையுமே இதன் நோக்கம். க்ளெய்ம் தயாரிக்கும் செலவு சேராது என்று பழைய பாலிசியில் வெளிப்படையாகவே எழுதியிருந்தது. பெரிய தொழிற்சாலைப் பாலிசிகளில் மட்டும் அதற்குக் கூடுதல் பிரீமியத்தில் தனிச் சேர்க்கை வாங்கலாம். வழக்கறிஞரைப் பொறுத்தவரை, வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் தடைசெய்கின்றன.

மறுக்கப்பட்டால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு. அங்கே தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அவருடைய சென்னை அலுவலகத்தின் எல்லையில் தமிழ்நாடும் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளும் வருகின்றன. தனிநபர்களும் குறுந்தொழில்களும் 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையைக் கட்டணமின்றி வைக்கலாம். வழக்கறிஞருக்கு இங்கே இடமில்லை. பாலிசிதாரரே பேச வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பிடிக்காத பாலிசிதாரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே வழக்கின் படிநிலையைத் தீர்மானிப்பது கோரும் தொகை அல்ல, கட்டிய பிரீமியம். அது 50 லட்சத்தைத் தாண்டாதவரை, பல கோடி ரூபாய் க்ளெய்மும் மாவட்ட ஆணையத்திலேயே தொடங்கும். இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

சர்வேயர் அறிக்கை முக்கியமான சான்றுதான், ஆனால் இறுதி வார்த்தை அல்ல என்று நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப்குமார் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தனக்குச் சாதகமான அறிக்கை வரும்வரை நிறுவனம் சர்வேயர்களை மாற்றிக்கொண்டே போக முடியாது, இரண்டாமவரை நியமிக்கத் தக்க காரணம் வேண்டும் என்று அதே ஆண்டு ஸ்ரீ வெங்கடேஸ்வரா சிண்டிகேட் வழக்கில் கூறியது.

நடைமுறையில் அதிகம் சிக்கலாவது டிஸ்சார்ஜ் வவுச்சர். ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற அந்தத் தாளில், பணமுடையில் இருப்பவர் கையெழுத்திட்டுவிடுகிறார். வஞ்சகமோ நிர்ப்பந்தமோ இருந்ததாக நிரூபித்தால் கையெழுத்திட்ட பிறகும் வழக்காடலாம் என்று 1999இல் யுனைடெட் இந்தியா எதிர் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கையெழுத்து வாங்கியதாலேயே பாலிசிதாரரின் உரிமை போய்விடாது என்று 2015இல் ஒழுங்குமுறை ஆணையமும் அறிவுறுத்தியது. இருந்தாலும் நிர்ப்பந்தத்தை நிரூபிக்கும் சுமை பாலிசிதாரருடையது. ஆகவே, அனுபவமுள்ள ஆலோசகர்கள் பணம் வாங்கும் அன்றே ‘குறைவான தொகையை எதிர்ப்புடன் பெறுகிறேன்’ என்று நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைக்கச் சொல்கிறார்கள். மாதங்கள் கழித்து எழுதும் புகாரை நுகர்வோர் ஆணையங்கள் பின்யோசனையாகவே பார்க்கக்கூடும்.