9.8-க்குப் பின்னால் ஒரு ஊசல்

போன வாரம் பையனுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "விழுற பொருளோட முடுக்கம் 9.8-ன்னு எப்படிப்பா அளந்தாங்க?" என்றான். நான் படித்த காலத்தில் மனப்பாடம் செய்ததோடு சரி. பிறகு தேடிப் படித்தேன்.

விழும் கல்லை நேரடியாக அளப்பது கஷ்டம். கண்ணிமைப்பதற்குள் தரையைத் தொட்டுவிடும். அதனால் ஊசலைப் பிடித்தார்கள். நீளம் மாறாத ஊசல் ஒரு நாளில் எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணினால், அந்த இடத்தின் முடுக்கம் தெரிந்துவிடும். லண்டனில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரம் நம்ம சென்னையில் நாளுக்குச் சுமார் 2 நிமிஷம் பின்தங்கும்! 1821-இலேயே சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் இந்த ஊசல் சோதனையைச் செய்திருக்கிறார்.

1865-இல் இந்திய நில அளவைப் பணியில் இருந்த பாஸெவி, ஊசல்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அளக்கக் கிளம்பினார். அவர் போன இடங்களில் ஒன்று லடாக்கின் மோரே சமவெளி; ஏறக்குறைய 15,500 அடி உயரம். அங்கே அளந்ததில், அவ்வளவு பெரிய மலைக்கு இருக்க வேண்டிய ஈர்ப்பு இல்லை. மலைக்கு அடியில் ஆழம்வரை லேசான பாறை என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. 1871 ஜூலையில், அந்த வேலையிலேயே அந்தக் குளிரில் பாஸெவி இறந்துபோனார்.

இன்று செல்போனில் இருக்கும் சின்னச் சில்லே முடுக்கத்தை அளந்துவிடுகிறது. மேஜையில் வைத்துப் பார்த்தோம், 9.8-ஐ ஒட்டிக் காட்டியது. "இவ்ளோதானா?" என்றான் பையன். பாஸெவி கதையைச் சொன்னேன். அப்புறம் அவன் பேசவில்லை.