பதுளைக் கச்சேரியும் நாமும்

பதுளைக் கடைவீதியில் வளர்ந்தவன் நான். தோட்டங்களிலிருந்து வாப்பாவின் கடைக்கு வருவோரில் பாதிப்பேர் சாமான் வாங்கவென்றே வந்தவர்களல்லர். பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் கடதாசி என்று கச்சேரிக்கு வந்து, காரியம் முடிந்தோ முடியாமலோ, "நானா, கருவாடு என்ன விலை?" என்று படியேறுவார்கள். கச்சேரி மூடிய நாளில் எங்கள் காசு லாச்சியும் வெறுமையாகவே கிடக்கும். ஓர் ஊரின் நிர்வாகத் தகுதி என்றால் என்னவென்று அந்த லாச்சியில்தான் படித்தேன்.

அந்தத் தகுதியைப் பதுளை ஒருமுறை இழந்தது. கண்டி இராச்சியத்தில் ஊவா தனித் திசாவனி. 1815இல் கண்டி பிரித்தானியர் வசமானபின், வெல்லஸ்ஸ முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி மரிக்காரை அவர்களுக்கு முஹந்திரமாக்கினர். மேலிருந்து வந்த அந்தப் பதவி திசாவையின் மனத்தைப் புண்படுத்தியது. 1817இல் கிளர்ச்சி மூண்டது. ஹாஜியும், பதுளையிலிருந்த பிரித்தானிய அதிகாரி வில்சனும் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு ஊவாவின் வயல்களும் வீடுகளும் எரிந்தன.

நெருப்பு விட்டுவைத்ததை 1833இல் வரைபடம் முடித்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி நாடு ஐந்து மாகாணங்களாயிற்று. கண்டிச் சீமையைத் துண்டாடுவதும் அதன் நோக்கம். கீழ் ஊவாவும் வெல்லஸ்ஸவும் தென் மாகாணத்தோடு சேர்ந்தன. பதுளை, கண்டியைத் தலைமையாகக் கொண்ட மத்திய மாகாணத்தின் ஓர் ஓரமாயிற்று. உதவி ஏஜன்டு, நீதிபதி, படைத்தளபதி ஆகிய மூன்று பொறுப்புகளையும் மேஜர் ரோஜர்ஸ் என்ற ஒருவரே வகித்தார். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். தரம் குறைந்த ஊருக்கு ஒரே ஆள் போதுமென்று கருதினார்கள் போலும்.

கோப்பியும் பிறகு தேயிலையும் மலையை நிறைத்தபின், 1886இல் ஆளுநர் கோர்டன் ஊவாவைத் தனி மாகாணமாக்கினார். பதுளை தலைநகரானது. 1924இல் ரயிலும் வந்து சேர்ந்தது. 53 ஆண்டுகளில் ஊர் மீண்டது.

ஆனால் அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1987இன் பிரதேச சபைச் சட்டமும் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட இடந்தரவில்லை. அது திருத்தப்பட்டது 2018இல்தான்.

ஊர் தகுதி இழந்தால் ஊரார் எல்லோரும் இழக்கிறோம். ஊர் மீண்டபோதோ எல்லோரும் மீளவில்லை. மாகாணத் தலைநகரின் கச்சேரி வாசலில், கையில் கடதாசியோடு அவர்கள் காத்து நின்றார்கள். அந்தக் காத்திருப்பில்தான் எங்கள் கடையும் நடந்தது.