பெரிய பாரும் ஆளில்லாக் கலமும்

ஆனி, ஆடி மாதங்களில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றோர் அறிவர்: தென்மேற்குப் பருவக்காற்றில் எழும் அலைகள் புகையிரதப் பாதையோரக் கற்களில் மோதிச் சிதறும். அக்காலத்திற் கடலடியில் நிகழ்வதென்ன? மன்னார் முத்துச் சலாபத்தின் வரலாறே இவ்வினாவிற் சிக்கியிருந்தது எனலாம்.

கீழக்கரைச் சுழியோடிகளும் அராபியரும் கல்லின் பாரத்தால் ஏழெட்டுப் பாக ஆழத்துக்கு இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி வாரினர். சுறாவை மந்திரத்தாற் கட்டும் 'கடல்கட்டி'க்கு ஆங்கில அரசாங்கமே ஊதியம் கொடுத்தது! ஆயினும் சிப்பி விளையும் மேடைகளாகிய 'பார்'களை அதிகாரிகள் பரிசோதித்தது கடல் அடங்கிய மாதங்களில் மட்டுமே.

1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன், ஹோர்ணெல் என்னும் உதவியாளருடன் 'லேடி ஹவலொக்' கப்பலிற் சென்று பார்களை ஆராய்ந்தார். அவருடைய அறிக்கையை இலண்டன் றோயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. அதிலே நம் மனத்தைக் கவர்வது பெரிய பாரின் கதை. 1880இன் பின் பதினொரு தடவையாவது சிப்பிக் குஞ்சுகள் அங்கே நிறைந்தன. ஒரு தடவையேனும் சலாபம் நடக்கவில்லை. குஞ்சுகள் அங்கிருந்து பிற பார்களுக்குச் செல்கின்றன என நம்பிய மக்கள் அதனைத் 'தாய்ப் பார்' என்றனர். பருவக்காற்றே குஞ்சுகளை அழிக்கின்றது என்றார் ஹேர்ட்மன். நேரிற் கண்டவர் எவருமிலர்.

1906இல் சலாபம் இலண்டன் கம்பெனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகையாயிற்று. 1907இன் பின் 1925 வரை சலாபமே இல்லை! கடலடியின் கணக்கை அறியாமல் குத்தகைக் கணக்கு எழுதியதன் பலன் அது என்பது எம் கருத்து.

இன்று கடல் கொந்தளிக்கும்போதும் ஆளில்லாக் கலங்கள் உள்ளே உலாவுகின்றன. 2016 யூன், யூலையில், 'சிந்து சாதனா' என்னும் இந்தியக் கப்பலிலிருந்து, மட்டக்களப்புக்குக் கிழக்கே நடுக்கடலில், ஐந்து கலங்கள் விடப்பட்டன. இவற்றுக்குச் சுழல்விசிறி இல்லை. உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குத் தள்ளினால் கலம் மிதந்தெழும்; உள்ளே இழுத்தால் அமிழும். சிறகுகள் அதனை முன்னே செலுத்தும். 1,000 மீற்றர் வரை இறங்கி, வெப்பம், உப்பு, நுண்பாசியின் பச்சையம் ஆகியவற்றை அளந்து, மேலே வந்ததும் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும்.

ஆழங்குறைந்த பெரிய பாருக்கு இவ்வினம் பொருந்தாது. தரையை ஒட்டிச் சென்று படம் பிடிக்கும், விசிறி பூட்டிய சிறு கலம் வேண்டும். கொந்தளிக்கும் மாதங்களில் அத்தகையதொன்றை அங்கே விட்டால், குஞ்சுகளை நீரோட்டம் அள்ளிச் சென்றதா, மணல் மூடியதா, மீன் தின்றதா என்பதைப் படத்திலேயே காணலாம்.