பொதியிலில் ஆடிய முதியவர்கள்



தமிழ்ப் பாடசாலையில் பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை நடையில் காத்திருக்கும் பெரியவர்களில் நானும் ஒருவன். அண்மையில் ஒரு சனிக்கிழமை சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து, "முந்நூற்றிநாலு போடுவமே?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் கைத்தொலைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, "அண்ணை, பேரப்பிள்ளை கண்ட வயதிலை உங்களுக்கு விளையாட்டோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்த மாத உரை அவருக்கான பதில்.

விளையாட்டு சிறுவர்களுக்கு மட்டும் உரியது என்று நாங்கள் நினைக்கிறோம். சங்க இலக்கியம் வேறு விதமாகச் சொல்கிறது. 'வல்லு' என்பது காய் வைத்து ஆடும் ஒரு பழைய ஆட்டம். ஊரின் பொது மன்றமான பொதியிலில் இருந்து அதை ஆடியவர்கள் நரைத்த முதியவர்கள். புறநானூற்றின் 52ஆம் பாடலில் மருதன் இளநாகனார், பாண்டியனின் பகைவருடைய நாடு போரால் எப்படிப் பாழாகும் என்று காட்டுகிறார். பொதியிலில் தெய்வம் இல்லை, பலி இல்லை. முதியவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன இடங்களில் காட்டுக்கோழி முட்டை இட்டிருக்கிறது. அகநானூற்றின் 377ஆம் பாடலும், தலை நடுங்கும் முதியவர்கள் குனிந்திருந்து ஆடிய வல்லுப் பலகையைக் கறையான் அரித்துவிட்டதாகச் சொல்கிறது.

ஓர் ஊர் அழிந்ததைச் சொல்ல எத்தனையோ அடையாளங்கள் உண்டு. இந்தப் புலவர்கள் முதியவர்களின் ஆட்டம் நின்றுபோனதைச் சொன்னார்கள். அப்படியானால், முதியவர்கள் கூடியிருந்து ஆடுவதுதான் ஊர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். மதுரைக்கு அருகே கீழடியில் 2015இல் தொடங்கிய அகழாய்வுகளில் பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. எங்கள் முன்னோர் விளையாட்டுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள் என்பதற்கு மண்ணும் சாட்சி.

இந்தப் பாடல்களை நான் பள்ளியில் படித்தபோது அவை வெறும் பாடம். 2017இல் ஊருக்குப் போனபோதுதான் பொருள் விளங்கியது. எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990இல் சனம் இடம்பெயர்ந்தது; பிறகு உயர் பாதுகாப்பு வலயமாகி, பல ஆண்டுகள் யாரும் போக முடியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது வாசிகசாலைக்குக் கூரை இல்லை. சுவருக்குள் மரம் வளர்ந்திருந்தது. முன்விறாந்தைச் சீமெந்தில் 'நாயும் புலியும்' ஆடுவதற்காக யாரோ கீறிய கோடுகள் மட்டும் அழியாமல் இருந்தன. அந்தக் கோடுகளின் வெடிப்பில் ஒரு குப்பைமேனி முளைத்திருந்தது. இளநாகனார் கண்டது இதைத்தான் என்று நினைத்தேன்.

அந்த விறாந்தையில்தான் ஐயா ஒவ்வொரு பின்னேரமும் முந்நூற்றிநாலு விளையாடுவார். எங்கள் பிள்ளைகளுக்காக அந்த ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாலு பேர், இரண்டு சோடி, 32 தாள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76 புள்ளி; நாலு இனத்துக்கும் சேர்த்து 304. முதல் நாலு தாளை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கணக்கு, ஞாபகம், எதிரே இருப்பவரின் மனதை அறிதல் எல்லாம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை ஆண்டார்கள். நாங்கள் ஆடுத்தன், ஸ்கோப்பன், கிளாவர் என்று சொல்லும் பெயர்கள் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தவை. ஜாக்கும் ஒன்பதும் ஆசை வெல்லும் ஆட்டங்களின் வேரும் ஒல்லாந்தில் இருப்பதாக ஆட்ட வரலாற்றை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். கோட்டை கட்டி ஆண்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களுடைய ஆட்டத்தை எங்கள் ஆட்கள் வாசிகசாலையில் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள்.

இந்த வரலாறு எனக்குத் தெரியவந்தது சுவிஸில். 1986இல் பேர்ண் மாநிலத்தில் ஓர் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைப் பின்னேரங்களில் நாலு கிழவர்கள் வந்து, பச்சைத் துணி விரித்து, கற்பலகையில் வெண்கட்டியால் புள்ளி எழுதி 'யாஸ்' விளையாடுவார்கள். ஒருநாள் ஒருவர் வரவில்லை. கோப்பை அடுக்க வந்த என்னைப் பார்த்து, இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். எனக்கு அவர்களுடைய பாசை இருபது சொல் தெரியாது. ஆனால் துரும்பு ஜாக்கும் துரும்பு ஒன்பதும் ஆசை வெட்டியதைக் கண்டதும் சிரித்துவிட்டேன். துரும்பு ஜாக்குக்கு 20, ஒன்பதுக்கு 14. அந்த ஒன்பதின் பெயர் 'நெல்'! இந்த ஆட்டம் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்துப் படையில் சேவை செய்த சுவிஸ்காரர்கள் வழியாக வந்தது என்று சொல்வார்கள். ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள், ஒன்று யாழ்ப்பாணத்தில், மற்றது ஆல்ப்ஸ் மலையடியில் வளர்ந்திருக்கின்றன.

இந்த நாட்டில் என்னை அகதி என்று பார்க்காமல் ஆட்டத்துக்கு நாலாவது ஆள் என்று பார்த்த முதல் இடம் அந்த மேசைதான். ஆனால் நான் தொடர்ந்து போகவில்லை. இரண்டாவது வேலை கிடைத்தது. வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டும், தங்கச்சிமாரின் கலியாணம், பிறகு என்னுடைய பிள்ளைகள். தொலைபேசியில் ஐயா கேட்பார்: "அங்கை தாள் விளையாட ஆக்கள் இருக்கினமே, தம்பி?" நான், "நேரமில்லை ஐயா" என்பேன். அவர் இடம்பெயர்ந்து இருந்த வீட்டிலும் கூட்டாளிகளைத் தேடிப் பிடித்து ஆடியவர். 2004இல் காலமானார். அவருடைய கேள்வியை விளையாட்டுக் கதை என்றுதான் அன்று எடுத்தேன். எனக்கு ஆட்கள் இருக்கிறார்களா, நான் தனித்துப்போனேனா என்றுதான் அவர் கேட்டார் என்பது மிகவும் பிந்தித்தான் விளங்கியது.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் ஒரு முதியவர் தடியூன்றி, இருமலுக்கு இடையில் பேசுகிறார். சிறுவயதில் மருத மரக்கிளையிலிருந்து மடுவில் பாய்ந்து, அடியிலிருந்து மணல் எடுத்துக் காட்டியதை நினைத்து ஏங்குகிறார். அவரிடம் மிஞ்சியது நினைவு மட்டும். பொதியிலில் ஆடிய முதியவர்களுக்கோ நினைவும் இருந்தது, நாளைய ஆட்டமும் இருந்தது. நாங்கள் இதில் யாராக இருக்கப் போகிறோம்?

சிலர் சூது என்று பயப்படுவார்கள். சூதுக்கு எதிராகத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதினார், அது சரியே. காசு வைத்தால் அது விளையாட்டு இல்லை, இன்னொரு வேலை. எங்கள் மேசையில் தோற்றவர் தேத்தண்ணி போட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் வாசிகசாலைக்குப் போன நேரத்தில் அவர்கள் அடுப்படியில் நின்றார்கள். இங்கு வந்து வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்தார்கள். என் மனைவி கொக்கான் வெட்டுவதில் கெட்டிக்காரி என்பது, எங்கள் பேத்தி கூழாங்கல்லை அவரிடம் கொடுத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கலியாணமாகி முப்பது வருடங்களுக்கு மேல். அன்று அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

மருத்துவமும் இதைக் கவனித்திருக்கிறது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பலகை விளையாட்டு, வாசிப்பு, வாத்தியம், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாகக் காணப்பட்டது. விளையாட்டுத்தான் காத்தது என்று அதை வைத்து முடிவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் மருந்துக்காக ஐயா விளையாடவில்லை. நானும் அதற்காக உங்களை அழைக்கவில்லை.

வாற சனிக்கிழமை பாடசாலை நடையில் ஒரு மேசை போடுவேன். ஒரு கட்டுத் தாளும் ஐந்து கூழாங்கல்லும் இருக்கும். கேள்வி கேட்ட தம்பியும் வர வேண்டும். ஒரு கதிரை அவருக்கு. பிள்ளைகள் வகுப்பு முடிந்து வரும்போது, தாத்தாமாரும் அம்மம்மாமாரும் சத்தம் போட்டு விளையாடுவதைப் பார்க்கட்டும். இங்கேயும் எங்களுக்கு ஓர் ஊர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும்.