வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு (புதுக்கோட்டை மாவட்டம்)

வேலைக்காகக் கடல் கடந்து செல்வோரின் சிகிச்சைச் செலவு, விபத்து, உயிரிழப்பு ஆகியவற்றுக்கான காப்பீட்டு ஏற்பாடுகள். புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, மணமேல்குடி, ஆலங்குடி வட்டாரங்களிலிருந்து வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா ஆகியவற்றுக்குப் பலர் செல்கின்றனர்.

இந்திய ஏற்பாடு: பிரவாசி பாரதிய பீமா யோஜனா 2003இல் தொடங்கி, 2017இல் திருத்தப்பட்டது. பத்தாம் வகுப்பு தேறாதோர் போன்ற, குடியேற்ற அனுமதி தேவைப்படும் இ.சி.ஆர். கடவுச்சீட்டுக்காரர்கள், வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது இது கட்டாயம். 2017 திருத்தப்படி பிரீமியம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய்; வரி தனி. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். மருத்துவமனைச் செலவுக்கான வரம்போ 1 லட்சம் ரூபாய்தான். எனவே இது முதன்மையாக விபத்துக் காப்பீடே.

வேலை நாட்டு ஏற்பாடு: சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் தொழிலாளருக்கு முதலாளியே காப்பீடு எடுக்க வேண்டும், குறைந்தபட்ச வரம்பு 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்கு 15,000 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து (டாலர்) 60,000 வெள்ளியாக உயர்ந்தது. துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் இப்பொறுப்பை முதலாளி மீது சுமத்துகிறது.

ஊரிலுள்ள குடும்பம்: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம்.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை: முதலாளியின் காப்பீடு பொதுவாக வேலை முடிந்ததும் முடிந்துவிடும், விடுப்பில் ஊர் வரும்போது செல்லுமா என்பதைப் பாலிசியில் பார்க்க வேண்டும். பாலிசி எண்ணும் நாமினி விவரமும் வீட்டாரிடம் இருப்பது அவசியம்.