தூண்டில் முள் போன்ற காசு

அமெரிக்கா 2021இல் மோர்கன், பீஸ் என்ற தனது பழைய வெள்ளி டொலர்களை அதே தோற்றத்தில் மீண்டும் அடித்தது. நூற்றாண்டு நினைவாம். பழசைத் திரும்ப அடிக்கலாமா என்று காசு சேர்ப்பவர்களுக்குள் ஒரே வாதம். நம் நாட்டில் அடிப்பதென்றால் எதை அடிப்பது? சதுர ஐந்து சதம் என்பார்கள் பெரியவர்கள். நம் மனதில் வந்தது கண்டி இராச்சியத்தின் ரிதி.

அது வட்டக் காசு அல்ல. வெள்ளிக் கம்பியை மடித்து, தூண்டில் முள்போல வளைத்தது. இதன் மூலம் பாரசீகத்து லார் நகரின் லாரின் காசு. இந்து சமுத்திர வியாபாரிகள் கையோடு வந்தது. இங்கே செய்தவற்றிலும் அரபு எழுத்துப் போன்ற கீறல்கள் உண்டு. பலவற்றை வாசிக்க முடியாது, பார்த்து வரைந்தவைதானே!

1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அரசனின் அனுமதியோடு யாரும் செய்யலாமாம். சந்தேகம் வந்தால் நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளைவெளேரென்று வராவிட்டால் செல்லாது.

இப்படி ஆளுக்கு ஆள் கையால் வளைத்த காசை இயந்திரத்தில் ஒரே அச்சாக அடித்தால் அது ரிதி ஆகாது. அந்த ஆசையை விட்டுவிட்டோம். உம்மம்மாவின் பெட்டியில் வளைந்த வெள்ளித் துண்டு ஏதும் கிடந்தால் நகைக்கடையில் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒருநாள் பாடசாலைக்குக் கொண்டுவாருங்கள், பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.