வேட விளையாட்டும் காலப்பிரமாணமும்

கூத்துக்கு வேடம் எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது காலப்பிரமாணம்; அதாவது எங்கே விரைவது, எங்கே நிற்பது என்னும் ஒழுங்கு. தோட்டங்களில் விடியவிடியத் தெருக்கூத்துக் கண்டவர்களுக்கு இதனை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. போர்க்களக் காட்சியையே இரவு முழுதும் நடத்தினால் எவர் விழித்திருப்பர்? இடையிடையே கட்டியக்காரன் தோன்றிச் சபையோரை நகைக்க வைக்கிறான். அதன்பின் வரும் அழுகை நெஞ்சைப் பிளக்கிறது. இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் இளைஞர் கணினியிலும் கைப்பேசியிலும் ஆடும் வேட விளையாட்டுக்கும் இவ்விதியே பொருந்தும். அங்கே பார்ப்பவனே வேடதாரியாகிவிடுகிறான், வேற்றுமை அவ்வளவே.

இவ்விளையாட்டின் சரித்திரத்தைச் சிறிது நோக்குவோம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, வாய்மொழியாகவே கதை வளர்ப்பர். கதையை நடத்துபவர் எதிரிலுள்ளோர் முகத்தைப் பார்ப்பார்; சலிப்புக் கண்டால் விரைவார், ஆவல் கண்டால் நிறுத்தி நீட்டுவார். இயந்திரத்துக்கோ முகம் பார்க்கத் தெரியாது. ஆகவே நடையை முன்கூட்டியே வகுத்து வைக்கும் பொறுப்பு ஆக்கியோனைச் சார்ந்தது.

1986இல் ஜப்பானில் யூஜி ஹோரி இயற்றிய 'டிராகன் குவெஸ்ட்', ஆடுவோன் கட்டளையிடும்வரை காத்திருந்தது. கைவேகம் இல்லாதவனும் பொறுமையால் வெல்லலாம். இது பெரிய நன்மை. ஆனால் வலிமை பெறும்பொருட்டு அதே பூதங்களை மீண்டும் மீண்டும் வதைக்க வேண்டியிருந்தது. 1991இல் வந்த நான்காம் 'பைனல் பாண்டசி'யிலோ, ஹிரோயுகி இட்டோ வகுத்த முறைப்படி, ஆடுவோன் யோசிக்கும்போதும் காலம் ஓடிற்று. நடை மாறியதும் ஆட்டத்தின் சுவையே மாறிற்று.

நிற்க. நம் கோலாலம்பூருக்கும் இச்சரித்திரத்தில் பங்குண்டு. 2016இல் வெளிவந்த பதினைந்தாம் 'பைனல் பாண்டசி'யை ஆக்கிய குழுவில், மலேசியரான வான் ஹஸ்மர் தலைமை வடிவமைப்பாளருள் ஒருவராகப் பணியாற்றினார். அவ்வாட்டத்தில் ஈட்டிய அனுபவப் புள்ளிகள் உடனே கணக்கில் சேரா. கூடாரமடித்தோ விடுதியில் தங்கியோ இளைப்பாறினால்தான் சேரும். இருட்டியதும் கொடிய பூதங்கள் வெளிப்படுவதால் பயணத்தை நிறுத்தவேண்டியும் வருகிறது. தங்குமிடத்தில் ஒரு தோழன் சமைக்கிறான். மற்றொருவன் அன்று எடுத்த படங்களைக் காட்டுகிறான். சண்டைக்கும் சண்டைக்கும் இடையிலுள்ள இந்த ஓய்விலன்றோ நட்பு வளர்கிறது! அதே ஆட்டத்தின் பதின்மூன்றாம் அத்தியாயமோ, நாயகன் ஆயுதமிழந்து தன்னந்தனியே நடைகூடங்களில் நெடுநேரம் அலைவதாக அமைந்து, பலருக்குச் சலிப்பூட்டிற்று. 2017 மார்ச்சில் அதற்கு மாற்றுவழியொன்றைச் சேர்க்க நேர்ந்தது.

வான் ஹஸ்மர் தாயகம் திரும்பிக் கோலாலம்பூரில் நிறுவிய மெட்ரோனாமிக் நிறுவனம் 2020இல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அதில் பகைவர் இசையின் தாளத்துக்கு ஒத்தே தாக்குவர். மறைவில் நின்ற காலப்பிரமாணத்தை மேடைக்கே கொணர்ந்த ஆட்டம் அது எனலாம்.

நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கதைக்கு வலிவு தரும் ஓய்வு வேறு. ஆடுவோன் பொழுதை வீணே இழுத்தடிப்பது வேறு. கைப்பேசி ஆட்டங்கள் பலவற்றில் காத்திருப்பைத் திட்டமிட்டே புகுத்தி, அதனைக் குறைக்கக் காசு கேட்கின்றனர். நாளெல்லாம் உழைத்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு மாலையில் சில நாழிகையே சொந்தம். அதனையும் பறிகொடுப்பதா? “இந்த நிறுத்தம் கதைக்காகவா, காசுக்காகவா?” என்று வினவக் கற்ற இளைஞன் ஆட்டத்துக்கு அடிமையாகான், நாளை நல்லதோர் ஆட்டத்தை ஆக்கவும் வல்லவனாவான்.